பதினேழு குண்டும் ஒரு விசிலும்

உலகத்திலேயே டாஸில் தோற்க வழியில்லாத ராஜ்யம் என்று ஒன்று இருந்தால் அது புதுக்கோட்டைதான். அதை ஆண்ட தொண்டைமான்கள் அச்சடித்த அம்மன் காசைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் பிரகதாம்பாள். மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’. சுண்டிவிட்டால் ஒன்று அம்மன் விழுவாள், இல்லாவிட்டால் வெற்றி விழும். அணாவுக்கு 20 காசு, ரூபாய்க்கு 320. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்துத் தானமாகக் கொடுத்த காசு அது.

இப்படி ஒரு காசை வைத்திருந்த சமஸ்தானத்தின் காலேஜ், இந்நேரம் கோப்பைகளை வைக்க இடமில்லாமல் தவித்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படியொன்றும் தவிக்கவில்லை. ஏன் என்று தோண்டினால் நூறு வருஷத்துக்கு மேல் நீளும் ஒரு கதை கிடைக்கிறது. அதில் ஓடுகிறவர் ஒருத்தர், பேர் வாங்குகிறவர் ஒருத்தர், ஃபாரம் நிரப்பிக்கொண்டு வா என்கிறவர் ஒருத்தர். இவர்களில் மூன்றாவது ஆசாமி மட்டும் எந்தக் காலத்திலும் தோற்றதில்லை.

கதை 1857-இல் ஆரம்பிக்கிறது. வடக்கே சிப்பாய்கள் வெள்ளைக்காரனைத் துரத்த, வெள்ளைக்காரன் திருப்பித் துரத்திக்கொண்டிருந்த வருஷம். தெற்கே அதே வருஷம் சத்தம்போடாமல் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. புதுக்கோட்டையில் மகாராஜா பள்ளிக்கூடமும் அதே வருஷம் பிறந்தது. 1880-இல், திவான் சேஷையா சாஸ்திரி காலத்தில், பள்ளிக்கூடம் காலேஜாக வளர்ந்தது. சாஸ்திரி லேசுப்பட்ட ஆள் இல்லை. குளம் வெட்டினார், கச்சேரிக் கட்டடம் கட்டினார், தாறுமாறாகக் கிடந்த சமஸ்தானக் கணக்கை நேராக்கினார். அப்படிப்பட்டவரிடம் போய் “ஐயா, பந்து வாங்கணும்” என்று எந்தப் பையன் கேட்டிருப்பான்? கேட்டிருந்தால் பழைய பந்தின் கதி என்ன என்று விளக்கம் எழுதித் தரச் சொல்லியிருப்பார்.

அந்தக் காலத்துப் பள்ளி, கல்லூரிகளில் விளையாட்டு என்ற பேரில் நடந்தது டிரில். பட்டாளத்திலிருந்து பென்ஷன் வாங்கி வந்தவர்தான் பெரும்பாலும் டிரில் வாத்தியார். கையை முன்னே நீட்டு, பக்கவாட்டில் நீட்டு, மேலே தூக்கு, கீழே போடு. இதைத் தவறாமல் செய்தால் உடம்பு தேறும், ஒழுக்கம் வளரும், சாம்ராஜ்யம் நிலைக்கும் என்று மேலிடம் நம்பியது. மூன்றில் உடம்பு மட்டும் கொஞ்சம் தேறியது. நிஜமான விளையாட்டு, மணி அடித்த பிறகு ஊருணிக் கரையில் சடுகுடு என்ற பேரில் நடந்தது. அதற்கு ஃபாரம் கிடையாது. அதனால் ரெக்கார்டும் கிடையாது.

சரி, வெளியூர்ப் போட்டிக்குப் போவதாகவே வைத்துக்கொள்வோம். எப்படிப் போவது? புதுக்கோட்டைக்கு ரயில் வந்தது 1929-இல். காலேஜ் வந்து முழுசாக 49 வருஷம் கழித்து. அதுவரைக்கும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வண்டி கட்டிக்கொண்டு திருச்சிக்குப் போய், அங்கே ரயிலைப் பிடித்தால்தான் தாய்ப் பல்கலைக்கழகம் இருக்கும் சென்னையைப் பார்க்கலாம். போய் இறங்குவதற்குள் ஃபார்வர்டு ஆடுகிறவனுக்கு இடுப்பு கழன்றிருக்கும். கோல் கீப்பர் ஒருத்தன்தான் எப்படியும் நிற்கத்தானே போகிறோம் என்று தேறியிருப்பான்.

இந்தக் காலேஜில் நடந்த நிஜமான பெரிய மேட்ச் மைதானத்தில் நடக்கவில்லை, வகுப்பறையில் நடந்தது. பிரின்ஸிபாலாக இருந்த நாராயணசாமி ஐயரின் மகள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எனக்கும் இங்கே படிக்க இடம் வேண்டும் என்றார். அதுவரை ஆண்கள் மட்டும் ஆடிய களம். பெற்றோர்கள் கொதித்தார்கள். ஒரு பெண் உள்ளே வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்றார்கள். ஒரே ஒரு பெண், அதுவும் புத்தகத்தைத் தவிர வேறெதையும் நிமிர்ந்து பார்க்காத பெண், ஒரு காலேஜ் முழுவதையும் கெடுத்துவிடுவாள் என்றால் அந்தக் காலேஜின் டிபென்ஸ் எவ்வளவு பலவீனமாக இருந்திருக்க வேண்டும்! ராஜா குறுக்கே வந்து, சேர்த்துக்கொள்ளுங்கள் என்று விசில் ஊதினார். அந்தப் பெண் 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய், 1912-இல் டாக்டராகி, 1927-இல் சென்னை சட்டமன்றத்துக்குள்ளும் முதல் பெண்ணாக நுழைந்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. கெட்டுப்போவதாக இருந்த பையன்கள் என்ன ஆனார்கள் என்பதைச் சரித்திரம் பெரிதாகக் குறித்து வைக்கவில்லை.

விசில் ஊதிய ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் புதுக்கோட்டையின் முதல் சர்வதேச விளையாட்டு வீரர் அவர்தான். 1886-இல், பத்து வயதில், பட்டத்துக்கு வந்தார். பாடம் சொல்லிக்கொடுக்கக் கேம்பிரிட்ஜில் படித்த கிராஸ்லி என்ற துரை வந்தார். கேம்பிரிட்ஜ் படிப்பென்றால் சும்மாவா? கூடவே ஆட்டமும் வரும்.

அன்றைக்கு உலகத்தில் பல்கலைக்கழக விளையாட்டு எந்த லட்சணத்தில் இருந்தது என்று இந்த இடத்தில் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம். ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் 1829-இலிருந்து தேம்ஸ் நதியில் படகு ஓட்டிக்கொண்டிருந்தன. 1912-இல் காற்றும் அலையும் சேர்ந்துகொள்ள, இரண்டு படகிலும் தண்ணீர் புகுந்தது. முதலில் கேம்பிரிட்ஜ் முழுகியது. ஆக்ஸ்போர்டும் தாக்குப்பிடிக்கவில்லை. உலகத்தின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களும் தொப்பலாக நனைந்து கரையேறி, இன்னொரு நாள் மறுபடி முதலிலிருந்து ஓட்டின. எங்கள் வெள்ளாற்றில் படகுப் போட்டி வைத்தால் இந்த அவமானம் நேர வாய்ப்பே இல்லை. முழுகுவதற்குத் தண்ணீர் வேண்டுமே. அமெரிக்காவில் இன்னும் மோசம். 1905-இல் அவர்கள் பாணிக் கால்பந்தின் ஒரே சீசனில் கிட்டத்தட்ட இருபது பேர் செத்துப்போனார்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டு, “தம்பிகளா, பார்த்து ஆடுங்கப்பா” என்கிற மாதிரி புத்திமதி சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது. மாடு பிடிக்கிற நம்மைத்தான் காட்டுமிராண்டி என்று எழுதி வைத்தார்கள்.

ராஜாவுக்கு வருவோம். அவருக்குப் பிடித்த ஆட்டம் குதிரைப் பந்தயம். பிடித்த மைதானம் வெளிநாடு. 1915-இல் ஆஸ்திரேலியாவுக்குப் போனார். அங்கே மோலி ஃபிங்க் என்ற மெல்போர்ன் பெண்ணைப் பார்த்தார், ஆகஸ்ட் மாதம் கல்யாணமும் முடிந்தது. பிரிட்டிஷ் சர்க்கார் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சமஸ்தானத்துக்கு 17 குண்டு மரியாதை கொடுக்கத் தெரிந்த சர்க்காருக்கு, அந்தப் பெண்ணை ராணி என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. தம்பதி புதுக்கோட்டைக்கு வந்தார்கள். சில மாதங்களில் ராணிக்கு உடம்பு முடியாமல் போயிற்று. அரளி விஷம் என்று அரண்மனைப் பேச்சு. 1916-இல் மறுபடி கப்பலேறினார்கள். சிட்னியில் மகன் பிறந்தான், பேரே மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான். ராஜா அங்கே குதிரைகளை வாங்கி ஓடவிட்டார். புதுக்கோட்டையை யார் ஓட்டுவது? அதற்குத் திவான் இருந்தார், கவுன்சில் இருந்தது, 1922-க்குப் பிறகு ரீஜண்டாக அண்ணன் இருந்தார். பிறகு ராஜா பிரான்சுக்குக் குடிபோய், 1928-இல் பாரீஸில் காலமானார். உடலை ஊருக்குக் கொண்டுவரவும் சர்க்கார் விடவில்லை. லண்டனில் தகனம் ஆனது.

ஆக, 1916-இலிருந்து 1928 வரை பன்னிரண்டு வருஷம். பதவி இருந்தது, ஆள் மட்டும் ஊரில் குடியில்லை. இன்றைக்குக் காலேஜ் பிள்ளைகள் போட்டிக்குப் போகும்போது கேட்கிறார்களே ஓ.டி., ஆன் டியூட்டி, அதில் இந்த ஜில்லாவின் ரெக்கார்டு இதுதான். இதுவரை யாரும் முறியடிக்கவில்லை. காதலுக்காகப் போன மனுஷனைக் கிண்டல் பண்ணுவது பாவம்தான். ஆனால் அவர் குதிரைகள் அங்கே புல்தரையில் ஓடிய காலத்தில், இங்கே அவர் பேரில் நடந்த காலேஜின் பிள்ளைகள் சரளைக்கல்லில் ஓடிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் யாராவது சொல்லித்தானே ஆகவேண்டும்.

இதற்கிடையில் 1920-இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஆரம்பித்தார். 1924 பாரீஸ் ஒலிம்பிக்ஸுக்கு இந்திய அணியோடு போனவரும் அவரே. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தொப்பி போட்டு, வெயிலில் கறுத்து நிற்கும் பி.டி. மாஸ்டர் என்கிற குலத்துக்கு மூதாதை என்றால் இவர்தான். டிரில் வாத்தியார் கையைத் தூக்கச் சொன்னார், பி.டி. மாஸ்டர் கையில் பந்தைக் கொடுத்தார். பெரிய புரட்சி அது. பிறகு கணக்கு வாத்தியார் வந்து பி.டி. பீரியடைக் கடன் வாங்க ஆரம்பித்தார். அந்தக் கடன் இன்னும் அடையவில்லை.

1948 மார்ச் 3-ஆம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. ராஜாவுடைய புது அரண்மனை பின்னால் கலெக்டர் ஆபீஸ் ஆனது. இணைப்பில் ஒரு சின்னச் சிக்கல். புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவில் ஐக்கியமாகிவிட்டதால், மாவட்ட அணி என்று சொல்லிக்கொள்ள ஊருக்குச் சொந்தமாக மாவட்டமே இல்லை. நேற்று வரைக்கும் தனி ராஜ்யம், இன்றைக்கு ஒரு தாலுகா டீம்! 26 வருஷம் பொறுத்திருந்து, 1974 ஜனவரி 14 பொங்கலன்று புதுக்கோட்டை மாவட்டம் பிறந்தது. 1982-இல் திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் வந்தது. கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர் தள்ளியிருந்த தாய் வீடு பக்கத்து ஊருக்கு வந்துவிட்டது. இனிமேல் தோற்றால் அன்றைக்கே வீடு திரும்பலாம்.

பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் மோதிக்கொள்ளும் இன்டர்காலேஜியேட் சீசனைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். அட்மிஷன் முடிந்து, நோட்டீஸ் போர்டில் ‘செலக்‌ஷன்’ என்று ஒட்டி, டீம் தேறுவதற்குள் ஆவணி வந்துவிடும். பிறகு தீபாவளி. தீபாவளியோடு வடகிழக்குப் பருவமழை. மழையோடு செமஸ்டர். இந்த நாலுக்கும் நடுவில் கிடைக்கிற சந்தில்தான் கபடி, கோகோ, வாலிபால், பூப்பந்து, தடகளம் எல்லாம் நடந்து முடிய வேண்டும். பூப்பந்து நம் பக்கத்து ஆட்டம், தஞ்சாவூர் அரச குடும்பம் ஆடி வளர்த்தது. மஞ்சள் கம்பளிப் பந்து, அணிக்கு ஐந்து பேர். கம்பளி நனைந்தால் கனக்கும். தூறலில் மூன்றாவது கேம் ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பந்து எதிராளியின் கோர்ட்டுக்குப் போக மறுத்து மட்டையிலேயே குடியிருக்கப் பார்க்கும்.

காலை ஆறு மணிக்கு மைதானத்துக்கு வந்தால், சுண்ணாம்பு டப்பாவும் சணல் கயிறுமாக ஒருவர் கபடிக் கோடு போட்டுக்கொண்டிருப்பார். பக்கத்தில் இரண்டு பேர், கோடு கோணல் என்று சொல்வதற்காகவே நிற்பார்கள். ஷாமியானாவுக்கு அடியில் ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் பிஸிக்கல் டைரக்டர்கள். மேஜைமேல் எலிஜிபிலிட்டி ஃபாரம், ஐ.டி. கார்டு, பிளஸ் டூ மார்க் ஷீட் ஜெராக்ஸ், போட்டோ. போட்டோவில் இருக்கிறவனும் எதிரே நிற்கிறவனும் ஒரே ஆளா என்று ஒருவர் உற்றுப் பார்ப்பார். மொட்டை போட்டுவிட்டு வந்த ரைடர் தான்தான் அந்த ஆள் என்று நிரூபிக்கப் படும் பாட்டைப் பார்த்தால், அதற்குப் பிறகு ஏழு பேரைத் தொட்டுவிட்டு வருவது ஒரு விஷயமே இல்லை என்று தோன்றும்.

அப்புறம் லாட்டு எடுப்பார்கள். இங்கேதான் கணிதம் நம்மோடு விளையாடும். நாக்அவுட்டில் ஒன்பது அணிகள் வந்தால் ஏழு அணிக்கு பை. அதாவது முதல் சுற்றில் ஒரே ஒரு மேட்ச். அந்த இரண்டு துரதிருஷ்ட அணிகள் வெயிலில் கட்டிப் புரள, மற்ற ஏழும் வேப்பமர நிழலில் எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு நுணுக்கமாக விமர்சனம் செய்யும். அடுத்த சுற்றில் எதிரணி பஸ்ஸைத் தவறவிட்டால் வாக்ஓவர். ஆக, காலைத் தரையில் பதிக்காமலே அரையிறுதி. அங்கே திருச்சிக்காரர்கள் வெளுத்து அனுப்பினாலும், திங்கட்கிழமை அசெம்பிளியில் ‘நமது கல்லூரி அரையிறுதி வரை முன்னேறி’ என்று மைக்கில் வாசிப்பார்கள். கைதட்டல் வேறு.

இதையெல்லாம் தாண்டி யூனிவர்சிட்டி டீமில் இடம் பிடித்தால், தென்மண்டலம், அகில இந்தியா என்று ஏணி மேலே போகும். உச்சியில் 1956-57-இல் தொடங்கிய மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை. ஒட்டுமொத்தமாகச் சாதித்த பல்கலைக்கழகத்துக்குத் தருவது. அது பெரும்பாலும் பஞ்சாப் பக்கமே போய்க்கொண்டிருக்கிறது. அங்கே லஸ்ஸி குடிக்கிறார்கள் என்று நம் ஆட்கள் காரணம் சொல்வார்கள். அங்கே விளையாட்டுக்குப் பணம் செலவழிக்கிறார்கள் என்று மட்டும் யாரும் சொல்லிவிட மாட்டார்கள்.

சீசன் முடிந்துவிட்டதா என்றால் இல்லை. இந்த மாவட்டத்தின் அசல் சீசனே ஜனவரியில்தான் ஆரம்பம். கந்தர்வகோட்டை பக்கம் தச்சங்குறிச்சியில் வருஷத்தின் முதல் ஜல்லிக்கட்டு. 2019-இல் விராலிமலையில் ஒரே நாளில் 1,300-க்கும் மேற்பட்ட காளைகளை அவிழ்த்துவிட்டு உலக சாதனை என்றார்கள். இங்கேயும் மூன்றாவது ஆசாமி நுழைந்துவிட்டார். 2017 சட்டத்துக்குப் பிறகு காளைக்குப் பதிவு, மாட்டுக்கு டாக்டர் சர்டிபிகேட், வீரனுக்கும் டாக்டர் சர்டிபிகேட். காளைக்கும் போட்டோ உண்டு. ஆனால் ஒன்று, வாடிவாசலில் நின்று “இது நீதானா?” என்று காளையைக் கேட்கிற தைரியம் எந்த அதிகாரிக்கும் வந்ததில்லை.

மனுஷர்களிடம் கேட்கிற தைரியம் மட்டும் வரும். கத்தக்குறிச்சி என்று ஒரு கிராமம். செங்கல் சூளையில் வேலை பார்த்த அப்பா அம்மாவின் மகள் சாந்தி. வெறுங்காலில் ஓடிப் பழகி, புதுக்கோட்டையில் காலேஜ் படித்துக்கொண்டே ஓடி, 2005-இல் ஆசிய தடகளப் போட்டியில் வெள்ளி வாங்கினார். 2006 டிசம்பர், தோஹா ஆசிய விளையாட்டு, 800 மீட்டர், 2 நிமிடம் 3.16 விநாடி. மறுபடி வெள்ளி. ஊரில் வெடி வெடித்தார்கள். சில நாளில் ஒரு பரிசோதனை, ஒரு காகிதம். பெண்ணா என்று சந்தேகம் என்று சொல்லிப் பதக்கத்தை வாங்கிக்கொண்டார்கள். ஓடும்போது வராத சந்தேகம், பதக்கம் வாங்கிய பிறகு வந்தது. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள் எத்தனையோ பேர், அவருக்காக ஒருத்தர்கூட எழுந்து நிற்கவில்லை. தமிழக அரசு மட்டும் அறிவித்தபடி 15 லட்ச ரூபாயைக் கொடுத்தது. அதில் ஒரு பங்கைப் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுப்பதற்கே அவர் செலவழித்தார். இடையில் மறுபடி சூளையில் கல் அறுத்தார். பிறகு பயிற்சியாளர் டிப்ளமோ படித்து, அரசுப் பயிற்சியாளர் ஆனார். ‘விஜய’ என்று காசடித்த மண்ணில், ஆசியாவில் இரண்டாவதாக ஓடி வந்த பெண்ணுக்கு நடந்தது இது. இதைச் சிரிக்கச் சிரிக்க எழுத எனக்கு வரவில்லை.

புதுக்கோட்டைக்கு ஓடத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. இங்கே வீதிகள்கூட நேர்க்கோட்டில்தான் ஓடுகின்றன. ஓடுகிறவர்கள் எல்லாம் முக்கால்வாசி சூளையிலிருந்தும் கம்மாக் கரையிலிருந்தும் வருகிறார்கள். அவர்களுக்கு 17 குண்டு வேண்டாம், ஓட்டத்தைத் தொடங்கிவைக்க ஒரே ஒரு வெடி போதும், அதுவும் இல்லாவிட்டால் ஒரு விசில்.

கடைசியாக, துறைத் தலைவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இந்த வருஷமும் மழைக்கு முன்னால் ஒரு பிள்ளை கையில் ஓ.டி. ஃபாரத்தோடு உங்கள் அறை வாசலில் நிற்கும். “75 சதவீதம் அட்டெண்டன்ஸ் இல்லை, காண்டொனேஷன் கட்டணும், இன்டர்னல் என்ன ஆகும், இதெல்லாம் சோறு போடுமா?” என்று ஆரம்பிக்காதீர்கள். ராஜாவுக்கு நாம் பன்னிரண்டு வருஷம் கொடுத்தோம். அந்தப் பிள்ளை கேட்பது மூன்று நாள். கையெழுத்தைப் போட்டு அனுப்புங்கள் சார்.